நம் ரத்தத்துக்கு நம் அளவுகோல் வேண்டும்

ஜவ்வாது மலை மண்ணில் வாழும் கொக்கிப்புழுவுக்கும், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் எம்.எஸ். நோய்க்கு மருந்து தேர்ந்தெடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தொடர்பு உண்டு. அதைக் கவனிக்கத் தவறினால், நாளை வரப்போகும் பரிசோதனைகள் நம் நோயாளிகளுக்குத் தவறான வழியைக் காட்டிவிடும்.

பூச்சி மாத்திரை என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்பதுதான் நம் ஊர் வழக்கம். ஜவ்வாது மலையில் 2018 முதல் மூன்று ஆண்டுகள் அந்த வழக்கம் மாறியது. தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒரு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் மாத்திரை வீடு தேடி வந்தது. சாமைக் கொல்லையில் களையெடுக்கும் பெண்களுக்கும் கொடுத்தார்கள், திண்ணையில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சி.எம்.சி., இங்கே நடத்திய 'டீவார்ம்3' ஆய்வு அது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும், இந்தியாவில் ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் ஒரே நேரத்தில் நடந்தது.

பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் புழு ஒழியுமா, ஊர் முழுக்கக் கொடுத்தால்தான் ஒழியுமா என்பதே ஆய்வின் கேள்வி. இந்தியப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கணக்கெடுத்து, அவர்கள் வாழும் பகுதியை 40 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் எல்லோருக்கும் மருந்து. மீதிப் பாதியில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும். தொடக்கத்தில் செய்த மலப் பரிசோதனையிலேயே ஒன்று தெளிவானது. இங்கே மண்வழிப் பரவும் புழுக்களில் மிகப் பெரும்பாலானது கொக்கிப்புழுதான். தொற்று பெரும்பாலும் லேசானது. ஆனால் அது பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகமாக இருந்தது.

ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் காத்திருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாக இறங்கிக் குடலில் தங்குகிறது. அங்கே குடல்சுவரைக் கவ்வி ரத்தம் குடித்தபடி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அந்நியமான ஓர் உயிர் உடலுக்குள் இத்தனை காலம் தங்கியிருந்தும், நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை விரட்டாமல் விட்டுவைக்கிறது. எப்படி? புழு சுரக்கும் வேதிப்பொருள்கள் அந்த மண்டலத்தின் வேகத்தைத் தணித்துவிடுகின்றன. அதனால் புழு உள்ளவரின் ரத்தமும் இல்லாதவரின் ரத்தமும் எதிர்ப்பாற்றல் கணக்கில் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, உலகின் நரம்பியல் ஆய்வகங்களில் இப்போது சூடுபிடித்திருக்கும் ஒரு முயற்சியைப் பார்க்க வேண்டும்.

மருந்து பல, நோயாளி ஒருவர்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்பது உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த நரம்புகளைத் தாக்கும் நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை உண்டு. எதிர்ப்பு அணுக்கள் அந்த உறையை அரிக்கும்போது நரம்பின் செய்தி தடுமாறுகிறது. ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கும். கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். சிறுநீர் கட்டுப்பாடு தவறும். சில வாரங்களில் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வேறோர் இடத்தில் மீண்டும் தாக்கும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மடங்குக்கு மேல் பாதிக்கிறது. படித்து முடித்து, வேலையில் சேர்ந்து, குடும்பம் தொடங்கும் பருவத்தில் வந்து நிற்கும் நோய் இது.

2020-ல் உலகெங்கும் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்ந்ததாக மதிப்பிட்டார்கள். வட ஐரோப்பாவில் லட்சம் பேரில் நூறு பேருக்கு மேல் இது உண்டு. நம் நாட்டில் அந்த அளவு இல்லை. மங்களூரில் நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட் குழுவினர் எடுத்த கணக்கில் லட்சத்துக்கு ஏறத்தாழ 8 பேர். இந்த விகிதத்தை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 7.2 கோடித் தமிழ்நாட்டு மக்களுக்குப் பொருத்திப் பார்த்தால், மாநிலத்தில் ஏறத்தாழ 5,800 நோயாளிகள் என்று வரும். அரிதான நோய் என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை இது.

1990-களின் தொடக்கம் வரை இந்த நோய்க்கு மருந்து இல்லை என்றே சொல்லலாம். இன்று இன்டர்ஃபெரான் பீட்டா, கிளாட்டிராமர், டைமெத்தில் ஃபியூமரேட், ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப், ரிட்டுக்சிமாப், ஓக்ரெலிசுமாப் என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாம் எதிர்ப்பு மண்டலத்தை ஏதோ ஒரு வகையில் அடக்குபவை அல்லது திசைதிருப்புபவை. ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்று தெரிவதற்குள் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஓடிவிடுகிறது. அதற்குள் மூளையில் புதுப் புண்கள் விழுந்துவிடுகின்றன. போன நரம்பைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து எதுவும் கிடையாது. பணமும் கரைந்துபோகிறது. அதனால்தான் மருந்தைத் தொடங்கும் முன்பே, ரத்தத்தில் உள்ள எதிர்ப்பு அணுக்களையும் புரதங்களையும் பார்த்து, யாருக்கு எது கேட்கும் என்று சொல்லிவிட முடியுமா என்று தேடுகிறார்கள்.

ரத்தம் ஏற்கெனவே முடிவு செய்பவை

சிலவற்றில் இது நடைமுறைக்கே வந்துவிட்டது. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அக்வபோரின்-4 எதிரணு (ஆன்டிபாடி). எம்.எஸ். போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற நோயை வெகுகாலம் எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே எண்ணியிருந்தார்கள். 2004-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் அந்த நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் இருக்கும் எதிரணுவைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே அது எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்றும் தெரிந்தது. இந்த எதிரணு உள்ளவருக்கு எம்.எஸ். என்று நினைத்து இன்டர்ஃபெரானோ ஃபிங்கோலிமாடோ நடாலிசுமாபோ கொடுத்தால் நோய் முற்றிவிடக்கூடும். ஒரு சிறு குழாய் நிறைய எடுத்த ரத்தம், மருந்து பலன் தருமா கேடு செய்யுமா என்று முடிவு செய்கிறது.

இந்தியாவுக்கு இது மிக முக்கியம். கண்ணையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கும் வகை இங்கே மேற்கு நாடுகளைவிடக் கூடுதலாகத் தெரிவதை நம் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி தொடங்கிய அதே சி.எம்.சி.யில் இருந்து, இந்தியாவில் மயலின் சிதைவு நோய்கள் எப்படி இருக்கின்றன என்ற ஆய்வு 1971-லேயே வெளிவந்தது. மேற்கத்திய பாடநூலில் உள்ள நோயும் நம் வார்டில் உள்ள நோயும் ஒன்றுதானா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. எதிரணுவைத் தேடும் பரிசோதனை வந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடை கிடைத்தது.

அடுத்தது நடாலிசுமாப். ஜே.சி. என்ற வைரஸ் நம்மில் பலர் உடலில் சத்தமில்லாமல் இருக்கிறது. இந்த மருந்து எடுக்கும் சிலருக்கு அந்த வைரஸ் மூளையில் கிளர்ந்து உயிரைப் பறிக்கும் தொற்றாக மாறுகிறது. ரத்தத்தில் ஜே.சி. வைரஸ் எதிரணு எந்த அளவு இருக்கிறது என்று பார்த்து, மருந்தைத் தொடரலாமா, எவ்வளவு காலம் தொடரலாம் என்று முடிவு செய்கிறார்கள். இன்டர்ஃபெரான் ஊசி போடும் சிலரின் உடல் அந்த மருந்துக்கே எதிரணு உண்டாக்கிவிடும். அதையும் ரத்தத்தில் அளக்கலாம். அளவு மிகுந்திருந்தால் ஊசி போட்டும் பயனில்லை.

ரிட்டுக்சிமாபுக்கு ஆசியாவில் இருந்தே ஒரு நல்ல வழிகாட்டுதல் கிடைத்தது. இந்த மருந்து பி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களை அழிக்கிறது. அவை திரும்ப வந்தால் நோயும் திரும்பும். தென்கொரியாவின் ஹோ ஜின் கிம் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நியூரோமைலிடிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் நினைவு பி செல்கள் தலைகாட்டும்போது மட்டும் அடுத்த ஊசியைப் போட்டார்கள். நாள்காட்டிப்படி எல்லோருக்கும் போடத் தேவையிருக்கவில்லை. மருந்துச் செலவைக் கையில் இருந்து கட்டும் நம் நோயாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ரிட்டுக்சிமாபின் உலகின் முதல் ஒத்த மருந்தை 2007-ல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் கொண்டுவந்ததால் விலையும் இறங்கியது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கு ரிட்டுக்சிமாபையும் சேர்த்தது.

ஜெர்மனியில் பிரித்த மூன்று வகை

மேலே சொன்னவை எல்லாம் ஒரு மருந்து, ஒரு குறியீடு என்ற கணக்கு. இப்போது முயற்சி அதைத் தாண்டிப் போகிறது. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கிய நிலையில் இருந்த 500-க்கும் மேற்பட்ட எம்.எஸ். நோயாளிகளின் ரத்தத்தில் டி செல், பி செல், என்.கே. செல் எனப் பல வகை அணுக்களை விரிவாக அளந்தார்கள். நோயாளிகள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள். ஒரு வகையினருக்கு உதவி டி செல்களில் மாற்றம். அவர்களுக்கு நரம்புச் சேதம் முன்னதாகவே தெரிந்தது. இன்னொரு வகையினருக்கு என்.கே. செல்களில் மாற்றம். மூன்றாம் வகையினருக்கு சி.டி.8 டி செல்களில் மாற்றம். அவர்களுக்கு அழற்சியும் மறுதாக்குதலும் மிகுதி. இந்த மூன்றாம் வகையினர் இன்டர்ஃபெரான் பீட்டா எடுத்தபோது, மற்ற மருந்துகள் எடுத்தவர்களைவிட நோய் கூடுதலாக முன்னேறியது.

நோயாளியின் கையில் ரத்தம் எடுத்து, இவருக்கு இந்த மருந்து வேண்டாம், நேராக வலுவான மருந்துக்குப் போகலாம் என்று முதல் வாரத்திலேயே சொல்ல முடியும் நாள் நெருங்குகிறது. அந்த நாள் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அதோடு ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும்.

இந்தத் துறையில் ஒருமுறை அடி விழுந்திருக்கிறது. 2010-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ரத்தத்தில் இன்டர்லூக்கின்-17எஃப் என்ற புரதம் மிகுந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான் கேட்பதில்லை என்று ஒரு சிறு குழுவில் கண்டார்கள். நம்பிக்கை பெரிதாகப் பரவியது. சில ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை வைத்துச் சோதித்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஓரிடத்தில் ஒரு கூட்டத்தில் கண்டது இன்னோரிடத்தில் அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. மேற்கு நாட்டுக்குள்ளேயே ஒரு குழுவில் இருந்து இன்னொரு குழுவுக்குப் போகும்போது பிசகுவது, மியூன்ஸ்டரில் இருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் வரை வரும்போது எத்தனை மடங்கு பிசகும்?

புழு உள்ள ரத்தம்

இங்கேதான் கொக்கிப்புழு மீண்டும் வருகிறது. அர்ஜென்டினாவில் ஜார்ஜ் கொர்ரேலே என்ற நரம்பியல் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகளில் குடற்புழு தொற்றிய 12 பேரையும், தொற்றாத 12 பேரையும் நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தார். 2007-ல் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. புழு இல்லாதவர்களுக்கு மொத்தம் 56 முறை நோய் மீண்டும் தாக்கியது. புழு உள்ளவர்களுக்கு 3 முறைதான். அவர்களுடைய ரத்தத்தில் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைக்கும் சீராக்கும் டி செல்களும், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 புரதமும் கூடியிருந்தன. பின்னர் அவர்களில் நான்கு பேருக்குப் புழுத் தொல்லை அதிகமாகி மருந்து கொடுக்க வேண்டி வந்தது. புழு போனது, சீராக்கும் செல்கள் குறைந்தன, எம்.எஸ். மறுபடி கிளம்பியது.

இதை முறையாகச் சோதிக்க இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 71 நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தோல் வழியாக 25 கொக்கிப்புழு இளம்புழுக்களைச் செலுத்தினார்கள். 2020-ல் வெளியான முடிவில், மூளையில் விழுந்த புதுப் புண்களின் மொத்தக் கணக்கில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் புழு ஏற்றவர்களின் ரத்தத்தில் சீராக்கும் டி செல்களின் விகிதம் உயர்ந்திருந்தது. எனவே புழு எம்.எஸ்.ஸுக்கு மருந்து என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே சமயம், 25 புழு போதும், ஒருவரின் எதிர்ப்பு அணுக்களின் கணக்கு மாறுவதற்கு என்பது தெரிந்துவிட்டது.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் சர்வதேச ஆய்வு மையத்தில் சுபாஷ் பாபு குழுவினர், தென்னிந்தியாவில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழு உள்ள நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தை அளந்தார்கள். அழற்சியைத் தூண்டும் புரதங்கள் அவர்களிடம் குறைவாக இருந்தன. புழுவுக்கு மருந்து கொடுத்த பிறகு அவை ஏறின. ஒரே ஆள், ஒரே நோய். இடையில் ஒரு பூச்சி மாத்திரை மட்டும். ரத்தக் குறியீடுகள் இடம் மாறிவிட்டன.

ஆக, ஜவ்வாது மலையில் இருந்து எம்.எஸ். அறிகுறியோடு ஒருவர் மலையிறங்கி வந்தால், மருந்து தேர்வுக்கு எடுக்கும் அவருடைய ரத்தத்தில் மூன்று கதைகள் கலந்திருக்கும்: அவருடைய நோய், அவர் குடலில் உள்ள புழு, கடைசியாக அவர் விழுங்கிய பூச்சி மாத்திரை. அந்த மூன்றையும் பிரித்துப் படிக்கத் தெரியாத பரிசோதனை அவரைத் தவறான வகையில் சேர்த்துவிடும். பக்கத்து மாவட்டத்து மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து நம் கொல்லைக்கு உரம் போட யாரும் துணிய மாட்டோம். நோயாளியின் உடம்புக்கு அந்த அளவு அக்கறையாவது வேண்டும்.

வேலூர் சொல்லிக்கொடுத்த பாடம்

இது வெறும் அச்சம் என்று யாராவது சொன்னால், இந்த மலையின் அடிவாரத்தையும் நம் மாநிலத்தையும் திரும்பிப் பார்க்கச் சொல்வேன்.

போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை போதும் என்று மேற்கு நாடுகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜான் வேலூர்க் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். 1970-களின் தொடக்கம் அது. மூன்று தவணை போட்ட பிறகும் பல குழந்தைகளுக்குப் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை. அதே மருந்து, ஆனால் வேறு குடல், வேறு கிருமிகள், வேறு சூழல். கூடுதல் தவணைகள் தேவை என்ற உண்மை உறைக்க வெகுகாலம் ஆனது. பலமுறை சொட்டு மருந்து கொடுத்துத்தான் இந்தியா 2014-ல் போலியோ ஒழிந்த நாடு என்ற சான்றைப் பெற்றது.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களுக்கு நல்ல பாதுகாப்பு தந்தது. 1968-ல் செங்கல்பட்டு வட்டாரத்தில் ஏறத்தாழ 2.6 லட்சம் பேரைச் சேர்த்து மாபெரும் ஆய்வு தொடங்கினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் இங்கே அது பலன் தரவில்லை என்று 1979-ல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் மக்களின் எதிர்ப்பு மண்டலத்தை முன்பே மாற்றியிருக்கலாம் என்ற விளக்கம் அதன் பிறகுதான் வலுத்தது.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான தடுப்பு மருந்து பணக்கார நாடுகளில் கடுமையான நோயை 85 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இந்தியத் தயாரிப்பான ரோட்டாவேக் மருந்தைச் சோதித்தபோது, பாதுகாப்பு 55 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அதுவும் எத்தனையோ குழந்தைகளைக் காக்கும் என்பதால் அரசு அதை ஏற்றது. அது சரியான முடிவு. நம் குழந்தைகளிடமே சோதித்து, நம் எண்ணைத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவு என்பதால்தான் அது சரியானது.

மூன்று முறை, மூன்று மருந்துகளில், தமிழ்நாடு உலகுக்குச் சொன்னது ஒன்றே: எதிர்ப்பாற்றல் வாழும் இடத்தைப் பொறுத்து மாறும். எம்.எஸ். ரத்தக் குறியீடுகளுக்கு இந்த விதியில் இருந்து விலக்கு கிடையாது.

நம் ஊரில் மாறும் கணக்கு

புழு மட்டுமா? எப்ஸ்டீன்-பார் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட ராணுவத்தினரின் பதிவுகளைப் பார்த்தது. அவர்களில் 955 பேருக்கு எம்.எஸ். வந்திருந்தது. இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு ஏறியதாக அது காட்டியது. மேற்கு நாடுகளில் பலருக்கு இந்தத் தொற்று வாலிப வயதில் வருகிறது. நம் நாட்டில் பெரும்பாலோருக்குச் சிறு குழந்தைப் பருவத்திலேயே வந்துபோய்விடுகிறது. அதனால் ரத்தத்தில் அதன் தடமும் வேறாக இருக்கும்.

மரபணுவும் வேறு. 1990-ல் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா மும்பைப் பார்சிகளிடையே எம்.எஸ். லட்சத்துக்கு 26 பேருக்கு இருப்பதைக் கண்டார். அதே ஊர், அதே காற்று. ஆனால் மற்றவர்களைவிடப் பல மடங்கு. காசநோய்க் கிருமி அமைதியாகத் தங்கியிருப்பதும் நம் மக்களில் பலருக்கு உண்டு. எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து தொடங்கினால் அது விழித்துக்கொள்ளலாம்.

இவற்றில் மிக அவசரமானது ஸ்ட்ராங்கிலாய்டிஸ். எம்.எஸ். தாக்குதல் வந்தவுடன் எல்லா மருத்துவமனைகளும் முதலில் ஏற்றுவது மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. குடலில் இந்தப் புழு இருந்தால், ஸ்டீராய்டு ஏறியதும் அது கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல், மூளை வரை பரவி உயிரைப் பறிக்கலாம். பள்ளிகளில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். மலைக்கிராமத்தில் வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்த ஒருவருக்கு ஸ்டீராய்டு ஏற்றும் முன்பு, சாதாரண ரத்த எண்ணிக்கையில் ஈசினோஃபில் அணுக்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பது பெரிய செலவில்லாத முதல் படி. இருந்தால் புழுவைத் தேட வேண்டும். இல்லாவிட்டாலும், ஊரையும் தொழிலையும் கேட்டுச் சந்தேகம் இருந்தால் தேடுவது நல்லது.

ஒன்றை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட வேண்டும். புழு எதிர்ப்பு மண்டலத்தைத் தணிக்கிறது என்பதைக் கேட்டு, புழு இருப்பது நல்லது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கொக்கிப்புழு ரத்தசோகை தருகிறது. கர்ப்பிணியை வாட்டுகிறது. பிள்ளையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஏழையின் காலில் ஏறும் புழுவைப் பணக்கார நாட்டு நோய்க்கு மருந்தாகப் பேசுவதற்கு முன், அந்தக் காலுக்குச் செருப்பும், அந்த வீட்டுக்குக் கழிப்பறையும், அந்த ஊருக்கு நல்ல தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். 2015 முதல் ஒன்றிய அரசு நடத்தும் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலான ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எம்.எஸ். அல்லது அதைப் போன்ற நோய் என்று சொல்லப்பட்டவர்களும் குடும்பத்தாரும் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்:

- அக்வபோரின்-4 எதிரணுவையும், மயலின் உறையின் புரதம் ஒன்றைத் தாக்கும் எம்.ஓ.ஜி. எதிரணுவையும், செல்களை வைத்துச் செய்யும் முறையில் பரிசோதித்தாகிவிட்டதா?
- ஸ்டீராய்டு ஏற்றும் முன் ஈசினோஃபில் எண்ணிக்கையையும் குடற்புழுவையும் பார்த்தாகிவிட்டதா?
- ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துக்கு முன் ஹெபடைட்டிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகள் முடிந்தனவா? தேவையான தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டேனா?
- நடாலிசுமாப் என்றால், ஜே.சி. வைரஸ் எதிரணு அளவு என்ன? அடுத்து எப்போது பார்க்க வேண்டும்?
- ரிட்டுக்சிமாபின் அடுத்த தவணையை பி செல் எண்ணிக்கை பார்த்து முடிவு செய்ய முடியுமா?
- சமீபத்தில் பூச்சி மாத்திரை சாப்பிட்டிருந்தால் எந்த மாதம் என்று சொல்லிவிட்டேனா?

செய்ய வேண்டியது

தொடங்குவதற்கு வேண்டியவை நம்மிடம் இருக்கின்றன. டெல்லி எய்ம்ஸ் ஒருங்கிணைக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021-ல் எம்.எஸ்.ஸுக்கும் அதை ஒத்த நோய்களுக்குமான தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. மங்களூரில் லேகா பண்டிட் தொடங்கிய பதிவேடு அதற்கு முன்பே இயங்கிவருகிறது. ஜவ்வாது மலையில் யார் வீட்டில் புழு உண்டு, எந்தச் சுற்றில் யார் மாத்திரை சாப்பிட்டார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்துப் பழகிய சி.எம்.சி. குழுக்கள் இருக்கின்றன. எதிர்ப்பு அணுக்களை அளக்கும் ஆய்வகங்கள் சென்னையிலும் வேலூரிலும் இருக்கின்றன.

இவற்றைச் சேர்த்து இரண்டு வேலைகளைச் செய்யலாம். முதலாவது, புழு உள்ள, இல்லாத, புழுவுக்கு மருந்து எடுத்த தமிழ்நாட்டு மக்களின் எதிர்ப்பு அணுக்கள் இயல்பாக எந்த அளவில் இருக்கின்றன என்ற அடிப்படைக் கணக்கு. அதற்கு மலைவாழ் மக்களின் ரத்தம் எடுக்கும் முன்பு அவர்கள் மொழியில் விளக்கி, மனம் ஒப்பிய சம்மதம் பெற வேண்டும். ஆய்வின் பலன் அவர்களுக்குத் திரும்பிச் சேர வேண்டும். இரண்டாவது, ஐரோப்பாவில் வகுத்த குறியீடு எதையும் நம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காமல் வணிகப் பரிசோதனையாக விற்க அனுமதிக்கக் கூடாது.

மலைவாசிக்கு இன்னொன்றும் தேவை. எம்.ஆர்.ஐ. எடுக்கவே மலையிறங்க வேண்டிய ஊரில், முதல் அறிகுறியை அடையாளம் காண்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் கையில்தான் இருக்கிறது. இளம் வயதில் ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ, கால் மரத்துத் தள்ளாடினாலோ அது ரத்தசோகை, பலவீனம் என்று சத்து மாத்திரையோடு முடிந்துவிடக் கூடாது. 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு எம்.எஸ். பற்றிய பயிற்சியும் கொடுக்க வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் எம்.எஸ்.ஸையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சான்று பெற உரிமை உண்டு என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தெரிய வேண்டும்.

போலியோ சொட்டு மருந்துக்கு வேலூர் சொன்னதை உலகம் கேட்கத் தாமதித்தது. எம்.எஸ். ரத்தப் பரிசோதனை விஷயத்தில் அந்தத் தாமதத்துக்கு நாமே காரணமாகிவிடக் கூடாது. தமிழ்நாடு அரசும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதற்கான நிதியை இந்த ஆண்டே ஒதுக்க வேண்டும். ஜவ்வாது மலை மக்களின் ரத்தத்தில் சோதித்து உறுதி செய்யாத எந்தக் குறியீட்டையும், அவர்களுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் அளவுகோலாக ஏற்கக் கூடாது.